பழைய ஸ்விஃப்ட்டா, புதிய எக்ஸ்யூவி 700-ஆ? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒரு ஸ்விஃப்ட் நிற்கிறது. பெரிய தொந்தரவு எதுவும் கொடுத்ததில்லை. ஆனால் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஊருக்குப் போகும்போது அப்பா அம்மாவையும் கூட்டிப் போக வேண்டியிருக்கிறது. கூட வேலை பார்ப்பவர் எக்ஸ்யூவி 700 எடுத்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷோரூமுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்த பிறகு, பழைய வண்டியில் ஏறும்போதெல்லாம் ஏதோ குறைவதாகத் தோன்றுகிறது. இந்த வழிகாட்டி அந்த நிலையில் இருப்பவர்களுக்கு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய சின்ன வண்டியை விட்டுப் பெரிய எஸ்யூவிக்குப் போகச் சொல்பவர்கள் பாதுகாப்பையும் இடத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகள். பழைய வண்டி பாதுகாப்பில்லாதது என்றால் அதை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதற்காக 4.7 மீட்டர் நீள வண்டிதான் வாங்க வேண்டும் என்றில்லை. ஏழு பேர் உட்கார இடம் வேண்டும் என்றால், வருடத்தில் எத்தனை நாள் வேண்டும் என்று பார்க்க வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒப்பிட வசதியாக இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 2011 ஆகஸ்டில் வந்த இரண்டாம் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட், 1.2 லிட்டர் பெட்ரோல், 2013-இல் பதிவானது. இன்னொன்று, 2021-இல் அறிமுகமான மஹிந்திரா எக்ஸ்யூவி 700, 2.2 லிட்டர் டீசல். உங்களிடம் இருப்பது ஐ10 ஆக இருக்கலாம், பார்ப்பது ஹாரியராக இருக்கலாம். எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

படி 1: முதலில் உங்கள் ஓட்டத்தை எழுதுங்கள்

வண்டியைப் பற்றி யோசிப்பதற்கு முன் மூன்று மாதம் ஒரு சின்னக் கணக்கு வையுங்கள். போனில் நோட்ஸில் எழுதினால் போதும். ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் எத்தனை பேர், எத்தனை கிலோமீட்டர், அவ்வளவுதான். தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறைப் பயணங்கள் அந்த மூன்று மாதத்துக்குள் வராவிட்டால் போன வருடத்தை நினைவுபடுத்திச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து மூன்று எண்கள் கிடைக்கும். வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது? ஐந்து பேருக்கு மேல் போன நாட்கள் எத்தனை? ஐந்து கிலோமீட்டருக்குள் முடிந்த குட்டி ஓட்டங்கள் எத்தனை? மூன்றாவது எண்ணை யாரும் பொருட்படுத்துவதில்லை. டீசல் எஸ்யூவி வாங்குபவருக்கு அதுதான் முக்கியம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

படி 2: பழைய வண்டியை முன்பின் தெரியாதவர் வண்டியாக நினைத்துச் சோதியுங்கள்

நம் வண்டியின் சத்தங்கள் நமக்குப் பழகிப்போயிருக்கும். அதனால் வழக்கமான மெக்கானிக்கிடம் கொடுக்காமல், வேறொருவரிடம் "இந்த வண்டியை வாங்கலாமா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கொடுங்கள். பதில் நேர்மையாக வரும்.

பார்க்கச் சொல்ல வேண்டியவை: காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது வரும் சத்தம், கிளட்ச் எங்கே பிடிக்கிறது, லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், ஷாக் அப்சார்பர், ஏசி கம்ப்ரசர், வண்டிக்கு அடியில் துரு. கடலோர ஊர் என்றால் துருவுக்குக் கூடுதல் கவனம். இந்த ஸ்விஃப்ட்டின் கே சீரிஸ் இன்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். எண்ணெய் ஒழுங்காக மாற்றியிருந்தால் இன்னும் நெடுநாள் ஓடக்கூடிய இன்ஜின் அது.

டயரை நீங்களே பார்க்கலாம். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆறேழு வருடம் ஆன டயரை மாற்றிவிடுங்கள். ரப்பர் இறுகிவிட்டால் மழையில் பிரேக் பிடிக்கும்போது தெரியும்.

பெட்ரோல் வண்டிக்கு இன்னொன்றும் உண்டு. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2013 வண்டி அதற்காக வடிவமைக்கப்பட்டதில்லை. மைலேஜ் கொஞ்சம் குறையும். பழைய ரப்பர் ஹோஸ்கள், கேஸ்கட்கள் சீக்கிரம் கெட வாய்ப்புண்டு. பெட்ரோல் லைன் முழுவதையும் ஒருமுறை பார்த்து, விரிசல் விட்ட ஹோஸை மாற்றச் சொல்லுங்கள். இதை வைத்து வண்டியையே விற்றுவிட வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பிறகு ஆர்சி தேதி. சொந்த உபயோகக் கார்களுக்குப் பதிவு 15 வருடம். 2013 வண்டிக்கு 2028 வரை இருக்கிறது. அதற்குப் பின் ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டி ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். புதுப்பிப்புக் கட்டணம் உண்டு, அதோடு பசுமை வரி. டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து வருடம் என்று வயதை மட்டும் வைத்து வண்டியை ஓரங்கட்டும் விதி டெல்லி சுற்றுவட்டாரத்துக்கு உரியது, தமிழ்நாட்டில் கிடையாது. வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைப் பார்த்து அவசரமாக விற்பவர்கள் உண்டு. வாங்கும் புரோக்கருக்குத்தான் அதில் லாபம்.

கடைசியில் கையில் இரண்டு எண்கள் இருக்க வேண்டும்: அடுத்த ஐந்து வருடம் நன்றாக ஓட வைக்க ஆகும் செலவு, இன்றைக்கு விற்றால் கிடைக்கும் விலை. விலையைக் குறைந்தது மூன்று இடத்தில் கேளுங்கள்.

படி 3: டேப்பை எடுத்து வீட்டை அளங்கள்

இது பத்து நிமிட வேலை. செய்யாமல் புக்கிங் போட்டுவிட்டு, டெலிவரி அன்று கேட்டுக்கு வெளியே வண்டியோடு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்விஃப்ட்டின் நீளம் 3,850 மி.மீ., அகலம் 1,695 மி.மீ. எக்ஸ்யூவி 700-இன் நீளம் 4,695, அகலம் 1,890. அகலக் கணக்கில் பக்கக் கண்ணாடிகள் சேராது. இதை நம் வீட்டு அளவுக்கு மாற்றிப் பாருங்கள். பழைய வீடுகளில் கார் ஷெட் பெரும்பாலும் 15 அடி நீளம் கட்டியிருப்பார்கள். 15 அடி என்பது 4,572 மி.மீ. எக்ஸ்யூவி அதற்குள் அடங்காது, 12 செ.மீ. வெளியே நிற்கும். 16 அடி ஷெட் என்றால் உள்ளே போகும். ஆனால் மிச்சம் 18 செ.மீ.தான், பின்கதவைத் திறந்து சாமான் எடுக்க முடியாது.

கேட் 7 அடி என்றால் 2,134 மி.மீ. நடுவில் கச்சிதமாக ஓட்டினாலும் ஒரு பக்கத்துக்கு 12 செ.மீ. மட்டுமே இடைவெளி. தினமும் கண்ணாடியை மடக்கித்தான் உள்ளே போக வேண்டும். தெருவிலிருந்து திரும்பி நுழைய வேண்டிய கேட் என்றால் இன்னும் சிரமம். அடுக்குமாடிக் குடியிருப்பில் 2.5 மீட்டர் அகலம் குறித்த இடத்தில் நிறுத்தினால், இரண்டு பக்கமும் சேர்த்து 61 செ.மீ. மிஞ்சும். பக்கத்தில் தூண் இருந்தால் ஓட்டுநர் கதவை எவ்வளவு திறக்க முடியும் என்று நீங்களே நின்று பாருங்கள்.

அப்புறம் உங்கள் தெரு. ஸ்விஃப்ட்டின் திரும்பும் ஆரம் 4.8 மீட்டர், பல தெருக்களில் ஒரே வெட்டில் திருப்பிவிடலாம். மதுரை மாசி வீதிகளைச் சுற்றிய சந்துகளிலோ திருவல்லிக்கேணியிலோ குடியிருப்பவருக்கு இந்த ஒரு படியிலேயே விடை கிடைத்துவிடலாம்.

படி 4: பணக் கணக்கு

எல்லோரும் மைலேஜில் ஆரம்பிப்பார்கள். அங்கேயே முடித்தும் விடுவார்கள். மைலேஜ் இந்தக் கணக்கில் மிகச் சின்னப் பகுதி.

வருடம் 10,000 கிலோமீட்டர் என்று வைப்போம். ஸ்விஃப்ட் ஊருக்குள்ளும் வெளியிலும் கலந்து லிட்டருக்கு 15 கொடுத்தால், பெட்ரோல் 100 ரூபாய் என்ற கணக்கில் சுமார் 67,000 ரூபாய். எக்ஸ்யூவி டீசல் கலந்து 13 கொடுத்தால், டீசல் 92 ரூபாய் என்ற கணக்கில் சுமார் 71,000. வித்தியாசம் வருடத்துக்கு நாலாயிரம். "பெரிய வண்டி, ஆனா செலவு ஒண்ணுதான்" என்று விற்பனையாளர் சொல்வது இந்த இடத்தில் மட்டும் உண்மை. எக்ஸ்யூவி பெட்ரோல் என்றால் அதுவும் உண்மையில்லை. ஊருக்குள் எட்டு, ஒன்பதுதான் கிடைக்கும், வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும்.

சுங்கச்சாவடியிலும் வித்தியாசமில்லை. கார், ஜீப், வேன் எல்லாம் ஒரே வகைதான். தேசிய நெடுஞ்சாலைகளில் 200 முறை போகும் வருடாந்திர ஃபாஸ்டேக் பாஸும் இரண்டுக்கும் பொது.

இனி பெரிய தொகைகளுக்கு வருவோம். எக்ஸ்யூவியில் ஷோரூம் விலை 18 லட்சம் உள்ள ஒரு வேரியண்ட்டை எடுத்துக்கொள்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன் இத்தகைய எஸ்யூவிகளுக்கு வரியும் செஸ்ஸும் சேர்ந்து அதைவிட அதிகம் இருந்தது, அதனால் விலை இறங்கியிருக்கிறது. நாலு மீட்டருக்குள் அடங்கும் சின்ன கார்களுக்கு இப்போது 18 சதவீதம்.

தமிழ்நாட்டின் வாழ்நாள் வரியை மறக்கவே கூடாது. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஆக 18 லட்சம் வண்டிக்கு 3.24 லட்சம் வரி மட்டும். 20 லட்சத்தை ஒட்டிய வேரியண்ட் பார்ப்பவர்கள் கவனியுங்கள், எல்லையைக் கொஞ்சம் தாண்டினாலும் முழுத் தொகைக்கும் விகிதம் ஏறும். சன்ரூஃபுக்காக ஒரு படி மேலே போகும்போது, சன்ரூஃப் விலைக்கு மேல் வரியும் சேர்கிறது. இன்சூரன்ஸ், மற்ற கட்டணங்கள் எல்லாம் சேர்த்து ஆன்ரோடு சுமார் 22.25 லட்சம் வரும். பத்து லட்சத்துக்கு மேல் உள்ள வண்டிக்கு 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது நமக்கு வரவு.

பழைய வண்டியை 3 லட்சத்துக்குக் கொடுத்து, கையிலிருந்து 5 லட்சத்துச் சொச்சம் போட்டு, 14 லட்சம் கடன் வாங்குவதாக வைப்போம். வட்டி 9 சதவீதம், ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 29,060. மொத்த வட்டி 3.44 லட்சம். "ஏழு வருடமாகப் போட்டுக்கொள்ளுங்கள் சார், இஎம்ஐ 22,500-தான்" என்பார்கள். அப்படிச் செய்தால் வட்டி 4.9 லட்சத்தைத் தாண்டும், நடுவில் விற்க நினைத்தால் வண்டி விலையைவிடக் கடன் பாக்கி அதிகமாக நிற்கவும் வாய்ப்புண்டு.

இப்போது ஒரு வருடத்துக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். எல்லாம் உத்தேசத் தொகைகள்.

ஸ்விஃப்ட்: பெட்ரோல் 67,000, இன்சூரன்ஸ் 9,000, சர்வீஸும் பழுதும் 30,000, டயருக்கு ஒதுக்க 5,000, விலை இறக்கம் 30,000. மொத்தம் 1.41 லட்சம்.

எக்ஸ்யூவி டீசல்: டீசல் 71,000, இன்சூரன்ஸ் 55,000, சர்வீஸ் 18,000, டயருக்கு ஒதுக்க 12,000, ஐந்து வருடத்தில் பாதி விலை போனால் வருடத்துக்கு 2.2 லட்சம் இறக்கம், வட்டி 69,000. மொத்தம் 4.45 லட்சம்.

வித்தியாசம் 3.04 லட்சம். மாதம் 25,000 ரூபாய். கிலோமீட்டருக்கு 14 ரூபாய் எதிராக 44 ரூபாய். இதில் எரிபொருளின் பங்கு நாலாயிரம் மட்டும். மீதி முழுவதும் விலை இறக்கம், வட்டி, இன்சூரன்ஸ். மூன்றும் வண்டி ஷெட்டில் நின்றாலும் ஓடிக்கொண்டிருப்பவை.

வருடம் 25,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இந்தக் கணக்கு மாறும். அந்த நிலையான செலவு நிறைய கிலோமீட்டர்களுக்குப் பிரிந்துபோகும். பழைய வண்டியின் பழுதுச் செலவும் வேகமாக ஏறும். அதனால்தான் படி 1 முதலில் வந்தது.

இனி வாடகை இன்னோவாவைக் கணக்கில் சேருங்கள். டிரைவரோடு கிலோமீட்டருக்குச் சுமார் 20 ரூபாய், நாளுக்குக் குறைந்தபட்சம் 300 கிலோமீட்டர் என்று வைத்தால், ஒரு நாள் 6,000 ரூபாய், பேட்டா தனி. வருடத்தில் 20 நாள் எடுத்தாலும் 1.2 லட்சத்தோடு பேட்டாவும் கொஞ்சம். ஏழு பேர் போகும் நாட்கள் இருபதுக்குள் என்றால் இடத்துக்காகப் பெரிய வண்டி வாங்குவது கட்டுப்படியாகாது. அப்பா அம்மா கூடவே இருக்கிறார்கள், வாரா வாரம் ஆறு பேர் கிளம்புகிறோம் என்றால் கதை வேறு, அங்கே எக்ஸ்யூவிக்கு நியாயம் இருக்கிறது.

படி 5: பாதுகாப்பை உணர்ச்சியால் அல்ல, விவரத்தால் பாருங்கள்

பழைய சின்ன வண்டிகளை நேசிப்பவர்களுக்குக் கசப்பான பகுதி இது. 2014 நவம்பரில், கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு இந்த ஸ்விஃப்ட்டை ஏர்பேக் இல்லாத வடிவில் மோதிப் பார்த்தது. பெரியவர்கள் பாதுகாப்புக்குக் கிடைத்தது பூஜ்யம் ஸ்டார். 2021 நவம்பரில் எக்ஸ்யூவி 700-ஐச் சோதித்தபோது பெரியவர்களுக்கு 17-க்கு 16.03 மதிப்பெண், ஐந்து ஸ்டார். குழந்தைகளுக்கு 49-க்கு 41.66, நான்கு ஸ்டார். அதுவும் இரண்டே ஏர்பேக் உள்ள அடிப்படை வேரியண்ட்டுக்கு.

திடீரென்று பிரேக் அடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இந்தியாவில் கார்களுக்குக் கட்டாயமானது 2019 ஏப்ரலில். ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையில். பக்கத்து இருக்கை ஏர்பேக் எல்லாக் கார்களுக்கும் 2022 ஜனவரியில். அதற்கு முந்தைய வண்டி என்றால் வேரியண்ட்டைப் பொறுத்ததுதான். உங்கள் ஸ்விஃப்ட் உயர்ந்த வேரியண்ட்டான ஜெட்எக்ஸ்ஐ என்றால் இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ் இருக்கும். அடிப்படை எல்எக்ஸ்ஐ என்றால் இரண்டும் இல்லாமல் இருக்கலாம். ஸ்டியரிங் நடுவிலும் டேஷ்போர்டிலும் ஏர்பேக் எழுத்து இருக்கிறதா, சாவி போட்டவுடன் ஏபிஎஸ் விளக்கு எரிந்து அணைகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லாத வண்டியில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் 100-இல் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். அந்த வண்டியை ஊருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மாற்றுங்கள். இதில் மட்டும் பணக் கணக்கைப் பின்னுக்குத் தள்ளலாம்.

ஆனால் மாற்ற வேண்டும் என்பதற்கும் பெரிதாக வாங்க வேண்டும் என்பதற்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. 2024-இல் வந்த புதிய டிசையர் நாலு மீட்டருக்குள் அடங்கும் வண்டி, குளோபல் என்கேப்பில் ஐந்து ஸ்டார் வாங்கியது. டாடா அல்ட்ரோஸ், பஞ்ச் இரண்டும் ஐந்து ஸ்டார் வாங்கியவை. 10 லட்சத்துக்குள் வேரியண்ட் கிடைக்கும், வாழ்நாள் வரி 13 சதவீதம், உங்கள் ஷெட்டிலும் நிற்கும்.

எடை பெரிதாக இருந்தால் பாதுகாப்பு கூடும் என்பதிலும் உண்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஸ்விஃப்ட் பெட்ரோல் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு, எக்ஸ்யூவி அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டும் நேருக்கு நேர் மோதினால் இலகுவான வண்டிக்குள் இருப்பவர்களுக்கே அடி அதிகம். ஸ்டார் மதிப்பீடு இதைக் காட்டாது. 64 கி.மீ. வேகத்தில் ஒரு தடுப்பின் மேல் மோதும் சோதனை, தன் எடையுள்ள இன்னொரு வண்டியோடு மோதுவதற்குச் சமம். அதனால் சின்ன வண்டியின் ஐந்து ஸ்டாரும் பெரிய வண்டியின் ஐந்து ஸ்டாரும் ஒன்றல்ல.

அதேநேரம் பெரிய வண்டியில் வேகம் தெரியாது. அமைதியான கேபினில் 80-இல் போவதாக நினைத்துக்கொண்டு 110-இல் போய்க்கொண்டிருப்போம். 80-இலிருந்து 100-க்குப் போனால் மோதலின் ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. உயரமான பானட்டுக்கு முன்னால் நிற்கும் சின்னக் குழந்தை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. வீட்டு வாசலில் விளையாடும் பிள்ளைகள் உள்ள தெருவில் 360 டிகிரி கேமராவோ முன்பக்க சென்சாரோ இல்லாத வேரியண்ட் வாங்க வேண்டாம்.

எந்த வண்டியானாலும் பின்னால் உட்காருபவர்கள் பெல்ட் போட வேண்டும். ஆயிரம் வசதி இருந்தும் பின் சீட் பெல்ட்டைக் குஷனுக்கு அடியில் செருகி வைத்திருக்கும் குடும்பங்களை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

படி 6: ஷோரூம் வளைவைத் தாண்டி ஓட்டிப் பாருங்கள்

டெஸ்ட் டிரைவ் என்றால் பக்கத்து மெயின் ரோட்டில் ஒரு சுற்று என்று முடித்துவிடுவார்கள். குறைந்தது ஒரு மணி நேரம் கேளுங்கள். வீட்டு வாசல் வரை கொண்டுவந்து ஷெட்டில் நிறுத்திப் பாருங்கள். முடிந்தால் இரவில் ஒரு முறை ஓட்டுங்கள்.

வீட்டிலுள்ள பெரியவர்களைக் கட்டாயம் கூட்டிப்போக வேண்டும். ஈரோட்டில் என் அக்கா குடும்பம் ஏழு சீட்டர் பார்க்கப் போனபோது, அக்காவின் மாமியாரை மூன்றாவது வரிசையில் உட்காரச் சொன்னோம். இரண்டாம் வரிசை இருக்கையை மடக்கிவிட்டார்கள். அவர் ஒரு கையால் கதவுச் சட்டத்தையும் இன்னொரு கையால் சீட்டையும் பிடித்து ஒரு காலைத் தூக்கி வைத்தார், அப்படியே நின்றுவிட்டார். "முழங்கால் மடங்கமாட்டேங்குது கண்ணு" என்றார். அப்போதுதான் மாமாவுக்கு விளங்கியது, மூன்றாவது வரிசையில் எப்போதும் பிள்ளைகள்தான் உட்கார வேண்டும், ஏழு பேரும் ஏறினால் பின்னால் இரண்டு சின்னப் பைகளுக்கு மேல் வைக்க இடமிருக்காது என்று. உட்காரும்போது ஏசி காற்று வருகிறதா, தொடை தாங்குகிறதா, தலை இடிக்கிறதா என்று பின்னால் அரை மணி நேரம் இருந்து பாருங்கள்.

ஓட்டும் சுகத்தில் எக்ஸ்யூவி எங்கேயோ இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. 185 குதிரைத் திறன், மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுக்கும் விசை. நாலு பேரும் லக்கேஜும் ஏற்றிக்கொண்டு இருவழிச் சாலையில் லாரியைத் தாண்டும்போது ஸ்விஃப்ட்டில் இரண்டாவது கியருக்கு இறக்கிக் காத்திருக்க வேண்டும், இதில் கால் வைத்தால் போதும். நீண்ட பயணத்தில் இடுப்பு வலி குறையும், இரவில் வெளிச்சமும் நன்றாக இருக்கும். மாதம் இருமுறை சென்னையிலிருந்து திருநெல்வேலி போகிறவருக்கு இதெல்லாம் ஆடம்பரமில்லை.

மலைப்பாதையில் முடிவு அவ்வளவு சுலபமில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வால்பாறையின் 40 வளைவுகளிலும் ஏறுவதற்கு எக்ஸ்யூவியின் டார்க் சுகம், ஆனால் எதிரே பஸ் வந்தால் ஸ்விஃப்ட் ஒதுங்கும் இடத்தில் அது ஒதுங்காது.

படி 7: பின்னால் வரும் பராமரிப்பு

படி 1-இல் சொன்ன குட்டி ஓட்டங்கள் இங்கே வருகின்றன. பிஎஸ் 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி உண்டு. இன்ஜின் நன்றாகச் சூடாகி, சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். தினமும் பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர், மார்க்கெட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் என்று ஓடினால் அது அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும். வாரம் ஒரு முறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்ட முடியாதவர்கள் டீசலை விட்டுவிடுங்கள். இப்போதைய பெரிய டீசல் வண்டிகள் பலவற்றில் புகையின் மாசைக் குறைக்கும் ஆட்ப்ளூ திரவமும் ஊற்ற வேண்டும், நீங்கள் பார்க்கும் மாடலில் எவ்வளவு கிலோமீட்டருக்கு ஒரு முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்விஃப்ட்டின் உதிரிபாகம் சின்ன ஊரிலும் கிடைக்கும், மரத்தடி மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டுவார். எக்ஸ்யூவியில் ரேடார், கேமரா, தொடுதிரை எல்லாம் கம்பெனி சர்வீஸ் சென்டரின் வேலை. விண்ட்ஷீல்டு மாற்றினால் அதன் பின்னாலிருக்கும் கேமராவையும் அளவு சரிசெய்ய வேண்டும். உங்கள் ஊரிலிருந்து சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம், விபத்துக்குப் பின் பாகம் வர எத்தனை நாள் ஆகிறது என்று அங்கே காத்திருக்கும் வாடிக்கையாளர் இருவரிடம் கேளுங்கள். வாரண்டியை ஐந்து வருடத்துக்காவது நீட்டித்துக்கொள்வது நல்லது.

படி 8: முடிவு

ஏர்பேக், ஏபிஎஸ் இருக்கிறது, வருடம் பத்தாயிரத்துக்குள் ஓட்டம், ஏழு பேர் நாட்கள் குறைவு என்றால் ஸ்விஃப்ட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை ஐம்பதாயிரம் செலவழித்து டயர், சஸ்பென்ஷன், பிரேக், ஏசி எல்லாவற்றையும் சரிசெய்தால் வேறு வண்டி மாதிரி இருக்கும்.

பாதுகாப்பு வசதி இல்லை, ஆனால் நான்கு பேர்தான் என்றால் புதிய சின்ன வண்டி. ஐந்துக்கு மேற்பட்டவர்கள் அடிக்கடி, நீண்ட நெடுஞ்சாலை ஓட்டம், ஷெட் அளவு சரி, தவணை வீட்டு வருமானத்தில் பத்து, பன்னிரண்டு சதவீதத்துக்குள் என்றால் தயங்காமல் எக்ஸ்யூவி. மூன்று வருடம் ஓடிய எக்ஸ்யூவியையும் பாருங்கள். பெரிய விலை இறக்கத்தையும் வாழ்நாள் வரியையும் முதல் உரிமையாளர் ஏற்றுக்கொண்டிருப்பார். வெளிமாநிலப் பதிவு மட்டும் வேண்டாம், இங்கே மறுபடி வரி கட்ட வேண்டியிருக்கும்.

பழைய வண்டியைக் கொடுப்பதாக இருந்தால் ஒரு காகித வேலை பாக்கி இருக்கிறது. ஐந்து வருடம் தொடர்ந்து கிளெய்ம் இல்லாமல் இருந்தால் உங்களுக்கு 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் சேர்ந்திருக்கும். அது வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. விற்ற ஆதாரத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கினால், புதிய வண்டியின் சொந்த சேதப் பிரீமியத்தில் பாதி குறையும். 22 லட்ச வண்டிக்கு அது சில்லறைத் தொகையல்ல. டீலர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார், பில் போடுவதற்கு முன் நீங்களே கேளுங்கள். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்ட நகல்களை வைத்துக்கொண்டு, ஆர்சி வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்க்கும் வரை விடாதீர்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கையும் கிழித்துவிட்டு, வங்கியில் அந்தக் கணக்கை மூடிவிடுங்கள்.